பிரேக் நல்லாத்தான் இருக்கு!

தொலைபேசி அலறியது!

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஸ்பேனர் அசையவில்லை.

அலறட்டும்... நன்றாக அலறட்டும்! காலையிலிருந்து இந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

ஸ்பேனர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. குச்சி உடம்பும் அகலத் தலையுமாக இருந்ததால் பட்டறையில் ஒட்டிக்கொண்டது. அந்த ஊர் கார்கள் பாதிக்கு அவன்தான் டாக்டர். இன்றைக்கு எமனும் அவன்தான்.

நிதானமாக வெளியே ஊர்ந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ... பட்டறைங்க."

"போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். சிவப்புக் கார் ஒண்ணு... அதோட ஓனர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் சார். ஏன், என்ன ஆச்சு?"

"மலைச்சாலையில ஆக்சிடென்ட். கார் தடுப்புச் சுவர்ல மோதி நின்னுடுச்சு. அவர் கதவு திறந்து பள்ளத்துல விழுந்துட்டார்."

"ஐயோ! உயிருக்கு ஒண்ணும்..."

"கிளம்பி வாங்க. நேர்ல பேசிக்கலாம்."

ரிசீவரை வைத்தான். யாரும் இல்லாத பட்டறையில் இன்னொரு முறை "ஐயோ!" என்று சொல்லிப் பார்த்தான். கொஞ்சம் சுருதி குறைந்தது. போகிற வழியில் சரி செய்துகொள்ளலாம்.

ஏன் இத்தனை வன்மம்?

அந்தப் பட்டறை அவனுடைய அப்பா கட்டியது. மீசை முளைக்கும் முன்பிருந்தே அதில் கிரீஸில் புரண்டவன் ஸ்பேனர். ஆனால் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் சாவியை மகன் கையில் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை கையில் கொடுத்தார். 'உனக்குக் கோபம் ஜாஸ்திடா' என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மாப்பிள்ளைக்கு என்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பானெட்டைத் திறந்தால்தான் தெரியும். ஆனால் வாய் மட்டும் ஹாரன்!

"மச்சான், கையைக் கழுவிட்டு வாங்க. கஸ்டமர் சீட் அழுக்காயிடும்!"

பத்துப் பேர் முன்னால் சொல்வான். பத்துப் பேரும் சிரிப்பார்கள். ஸ்பேனர் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கழுவுவான்.

போன வாரம் எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாக ஒன்று சொன்னான்.

"புதுசா ஒரு ஹெட் மெக்கானிக் வர்றார் மச்சான். நீங்க வேற இடம் பாத்துக்கங்க."

அன்றைக்கே ஸ்பேனர் முடிவு செய்துவிட்டான்.

பிரேக் டியூபை அறுப்பதெல்லாம் அரைவேக்காடுகள் செய்கிற வேலை. அறுத்தால் தடயம் கிடைக்கும். ஸ்பேனர் எதையும் அறுக்கவில்லை. பிரேக் எண்ணெயில் தண்ணீரைக் கலந்தான். அவ்வளவுதான்!

பெடலை மிதித்தால் அந்த எண்ணெய்தான் காலின் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோகிறது. மிதிக்க மிதிக்கச் சக்கரத்தில் சூடு ஏறும். நல்ல எண்ணெய் அதைத் தாங்கும். தண்ணீர் தாங்காது. கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதிக்கிற மாதிரி கால் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது.

மாப்பிள்ளையோ மலை இறக்கத்தில் டாப் கியரை விட்டு இறங்க மாட்டான். வழி முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பான்.

இதில் அழகு என்னவென்றால்... வண்டி ஆறியதும் ஆவி மறுபடி தண்ணீராகும். பெடல் மறுபடி கல்லாகும். யார் சோதித்தாலும் பிரேக் நன்றாக இருக்கும்!

மறுநாள் மத்தியானம். ஸ்பேனரை மறுபடி வரச் சொன்ன இடம், போலீஸ் ஸ்டேஷன் பின்புறம்.

சிவப்புக் கார் ஒரு பக்க பம்பர் நசுங்கி, ஒற்றைக் கண்ணோடு நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். சிரிக்காத முகம்.

சற்றுத் தள்ளி ஸ்பேனரின் தங்கை நின்றிருந்தாள். அழுது தீர்ந்த கண்கள். அண்ணனைப் பார்த்ததும் அவை எரிந்தன.

"வந்துட்டியா? இப்போ குளிர்ந்துச்சா உன் மனசு?"

"என்னம்மா பேசறே? என் கூடப் பொறந்தவ தாலியறுக்கணும்னு நான் நினைப்பேனா?"

"நினைப்பே. நீ நினைப்பே. அவர் உன்னைப் போகச் சொன்னதுல இருந்து நீ அவரைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியாதா?"

"மேடம், துக்கத்துல என்னென்னவோ உளர்றா..."

"உளறட்டும்" என்றபடி இன்ஸ்பெக்டர் இறங்கினாள். "நீங்க உளறாம பதில் சொல்லுங்க. இந்தக் காரை யார் சர்வீஸ் பண்ணினது?"

"நான்தான். அவர் கிளம்பறதுக்கு முந்தின நாள்."

"பிரேக் எப்படி இருந்தது?"

"நீங்களே மிதிச்சுப் பார்த்தீங்களே மேடம். பிரேக் நல்லாத்தான் இருக்கு! வளைவுல வேகமாப் போயிருப்பார். அவர் ஓட்டற லட்சணம் ஊருக்கே தெரியும்."

"பின்னால வந்த லாரி டிரைவர் வேற மாதிரி சொல்றாரே? கடைசி வளைவுல பிரேக் லைட் அணையவே இல்லையாம். ஆனா கார் வேகம் குறையலையாம். இன்னிக்கு மிதிச்சா கல்லு மாதிரி இருக்கு. ஒரே ராத்திரியில தானா குணமாகிற வியாதியா இது?"



"லாரிக்காரன் என்னத்தைக் கண்டான் மேடம்?"

"அப்போ உங்க வேலையிலதான் கோளாறு. பழைய எண்ணெயை மாத்தாம சோம்பேறித்தனமா விட்டிருப்பீங்க. வேலை தெரியாத ஆளுங்க கையில வண்டியைக் கொடுத்தா..."

"யாருக்கு வேலை தெரியாது?"

நாக்கில் சனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"நாலு சக்கரத்துலயும் பழசை வடிச்சுட்டு, புது எண்ணெய் நானே ஊத்தினேன் மேடம்! ஒரு பொட்டுக் காத்து இல்லாம பெடலை ஏத்திக் கொடுத்தேன். என் கைபட்ட பிரேக்கை வேற ஒருத்தன் தொட மாட்டான்!"

"வேற யாரும் தொடலை?"

"தொட விட்டுருவேனா?"

ஆமாம், பழைய எண்ணெய்தான், மாப்பிள்ளை மாற்ற விடவில்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். பழைய எண்ணெய் தானாகவே ஈரத்தை இழுக்கும். எந்தக் கோர்ட்டிலும் அது நிற்கும். ஆனால் வேலை தெரியாதவன் என்ற சொல்லை மட்டும் எந்த மெக்கானிக்காலும் விழுங்க முடியாதே!

"சந்தோஷம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "அப்போ ஒரு சின்ன வேலை. அதே இறக்கம்... அதே கார்... நீங்க ஓட்டிக் காட்டுங்க."

"நானா? எதுக்கு மேடம்? உங்க டிரைவர் ஓட்டலாமே?"

"உங்க கைபட்ட பிரேக்னு நீங்கதானே சொன்னீங்க? நான் பக்கத்துல உட்கார்றேன். பயமா?"

"பயம் என்ன பயம்..."

"நானும் வர்றேன்."

தங்கை பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா? இறங்கு!"

"ஏன்? பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு நீதானே சொன்னே?"

ஸ்பேனர் சாவியைத் திருகினான்.

மலை உச்சி.

ஒரு பக்கம் பாறையும் மண்மேடும். இன்னொரு பக்கம் தடுப்புச் சுவர், அதற்கப்பால் பள்ளம். பின்னால் கொஞ்ச தூரத்தில் போலீஸ் ஜீப்.

ஸ்பேனர் முதல் கியரில் போட்டு மெதுவாக இறக்கினான். என்ஜின் முனகியது. பிரேக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இப்படியே கீழே போய்விட்டால் ஜெயித்தாகிவிட்டது!

"டாப் கியர்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இறக்கத்துல சின்ன கியர்தான் மேடம் முறை."

"உங்க மாப்பிள்ளை முறைப்படி ஓட்டலையே? அவர் எப்படி இறங்கினாரோ அப்படியே இறங்குங்க. டாப் கியர்... பிரேக்ல கால்."

மறுத்தால் சந்தேகம் கழுத்தைப் பிடிக்கும். கியரை மாற்றினான். கார் கயிறு அறுந்த கன்றுக்குட்டியாகப் பாய்ந்தது.

மிதித்தான். பிடித்தது.

அடுத்த வளைவு... மிதித்தான். பிடித்தது.

"ஸ்டீயரிங்கை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கறே?" என்றாள் தங்கை பின்னாலிருந்து.

"சும்மா இரு!"

"அவரும் இப்படித்தானே மிதிச்சிருப்பார்? கடைசியில கால் உள்ளே போனப்போ என்ன நினைச்சிருப்பார்ண்ணா?"

"வாயை மூடுடி!"

"பேசட்டுமே" என்றாள் இன்ஸ்பெக்டர். "மிதிங்க. காலை எடுக்காதீங்க."

வளைவு... வளைவு... இன்னொரு வளைவு.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

கருகல் வாடை! பிரேக் பேட் சூடேறும் வாடை! அவன் மூக்குக்கு அது தெரியாதா? அடுத்தது என்ன என்பதும் அவனுக்குத் தெரியும். சக்கரத்துக்குள் தண்ணீர் குமிழி விட ஆரம்பித்திருக்கும். இன்னும் ஒரு மிதி... கூடிப்போனால் இரண்டு... அப்புறம் பெடல் தரையைத் தொடும். அப்புறம் பள்ளம்!

பெடல் கொஞ்சம் இறங்கியதோ?

இறங்கியது! இறங்குகிறது!

ஸ்பேனர் காலைப் பிரேக்கிலிருந்து பிடுங்கினான். டாப்பிலிருந்து கீழ் கியருக்கு அறைந்தான். என்ஜின் ஊளையிட்டது. ஹேண்ட் பிரேக்கை வேரோடு பிடுங்குகிற மாதிரி இழுத்தான். ஸ்டீயரிங்கை மலைப் பக்கம் ஒடித்தான்.

கிரீச்ச்ச்...!

கார் மண்மேட்டில் முட்டி நின்றது.

நின்றதோ இல்லையோ, ஸ்பேனர் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான். திரும்பிப் பார்க்காமல் ஓடினான். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய்த்தான் மூச்சு விட்டான்.

பின் சீட்டில் தங்கை கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் போடுகிற பூட்டு போட்டிருந்தது. உள்ளேயிருந்து திறக்காது. அந்தப் பூட்டைச் சர்வீஸில் எண்ணெய் விட்டுச் சரி பார்த்தவனும் அவனேதான்.

இன்ஸ்பெக்டர் நிதானமாக இறங்கினாள். பின் கதவைத் திறந்து தங்கையை இறக்கினாள். பிறகு பாறையை நோக்கி நடந்து வந்தாள்.

"ஏன் ஓடினீங்க?"

"பி... பிரேக் போயிருக்கும் மேடம்! இன்னும் ஒரு மிதி மிதிச்சிருந்தா மூணு பேரும் காலி! தண்ணி கொதிச்சிடுச்சு!"

"தண்ணியா?"

இன்ஸ்பெக்டர் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"நான் எண்ணெய்னுதானே சொன்னேன்? தண்ணி எங்கிருந்து வந்தது?"

"அது... பழைய எண்ணெய்ல ஈரம்..."

"நாலு சக்கரத்துலயும் புதுசு ஊத்தினேன், வேற யாரும் தொடலைன்னு சொன்னீங்களே!"

ஸ்பேனர் காரைத் திரும்பிப் பார்த்தான்.

தங்கை அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பெடலில் காலை வைத்து ஓங்கி மிதித்தாள்.

"வா. வந்து மிதிச்சுப் பாரு."

ஜீப்பிலிருந்து இறங்கிய கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்பேனர் குனிந்து, கையாலேயே பெடலை அழுத்தினான்.

கல்!

புகைகிற சக்கரங்களுக்கு நடுவில், பெடல் கல்லாக நின்றது!

"எ... எப்படி?"

"லாரி டிரைவர் சொன்னதைக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள் தங்கை. "அப்பா பட்டறையில நீ மட்டுமா வளர்ந்தே? இன்னிக்குக் காலையில மேடம் முன்னாலேயே உன் எண்ணெயை வடிச்சேன். சீல் வெச்சு லேபுக்குப் போயாச்சு. புது எண்ணெயை நான்தான் ஊத்தினேன்."

"எண்ணெய்ல தண்ணி இருந்ததுன்னு லேப் சொல்லும்" என்றாள் இன்ஸ்பெக்டர். "யார் ஊத்தினதுன்னு லேப் சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும்னு உங்களை ஓட்ட வெச்சேன். பிரேக்ல ஒரு குறையும் இல்ல. குறை இருக்குன்னு நினைக்கக்கூடிய ஆள் ஊர்லயே ஒருத்தர்தான்."

ஸ்பேனர் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"உனக்காகத்தான்மா நிறுத்தினேன்! பின்னால நீ இருந்தே... அதான் மனசு கேக்கல. இல்லேன்னா நான்..."

தங்கை அவனை மேலும் கீழும் பார்த்தாள். இந்த முறை கண்ணில் தீ இல்லை. அது இருந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

"எனக்காகவா? நான் கதவைத் தட்டிட்டு இருந்தேன். நீ பாறைக்குப் பின்னால நின்னே. என் புருஷனைக் கொன்னதுக்குக்கூட உனக்கு ஒரு காரணம் இருந்தது. என்னை விட்டுட்டு ஓடினதுக்கு என்ன காரணம் சொல்வே?"

தலையைத் தொங்கப்போட்டான்.

விலங்கு பூட்டப்பட்டது. கான்ஸ்டபிள் ஜீப்பின் பின் கதவைத் திறந்தார். ஸ்பேனர் ஏறப்போனவன், கீழே இன்னும் மிச்சமிருந்த இறக்கத்தைப் பார்த்துக் காலைப் பின்னுக்கு இழுத்தான்.

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"தைரியமா ஏறுங்க. இந்த ஜீப்பை நாங்க உங்க பட்டறைக்கு விட்டதே இல்ல!"