மணிக்கு அரை டம்ளர்

கல்வராயன் மலை ஆஸ்பத்திரிக்கு நான் டாக்டராக வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அது. 1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சி சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜீப் கீழே இறங்க வழியில்லை.

காலை பத்து மணிக்குப் பாவாடை தானாகவே நடந்து வந்தான். கல் உடைக்கிறவன். பின்னால் அவன் மனைவி சாலம்மாள். முந்தின நாள் சாயங்காலம் யாரோ கொடுத்த வார்னிஷ் ஸ்பிரிட்டைக் குடித்திருக்கிறான்.

“தலவலி தான் சார். கண்ணு கொஞ்சம் பனி மூடினாப்பல இருக்குது” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஸ்பிரிட் குடித்த உடனே கொல்லாது. உடம்பு அதைச் செரிக்கச் செரிக்கத்தான் அமிலமாக மாறும். கண் நரம்பையும் மூளையையும் அரிக்கும். நல்ல மது உள்ளே போனால் உடம்பு அதைத்தான் முதலில் செரிக்கும். விஷம் உண்டாவது தள்ளிப்போகும். சாலை திறக்கும்வரை அவனைத் தாக்குப்பிடிக்க வைக்கலாம். குளிருக்கென்று ஒளித்து வைத்திருந்த என் ஒரே பாட்டில் பிராந்தியைச் சாலம்மாளிடம் கொடுத்தேன்.

“மணிக்கு அரை டம்ளர் குடும்மா. தவறக் கூடாது.”

ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் இவளுக்கு என்ன புரியும் என்கிற படித்த திமிர். பக்கத்து அறையில் பிரசவ வலியில் ஒருத்தி கத்தினாள், ஓடினேன்.

திரும்பியபோது மணி ஒன்று. ஜன்னல் வழியே வெயில் அவன் முகத்தில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

“சார், லைட்டப் போடுங்க” என்றான்.

பாட்டில் காலி. சாக்கடையில் பிராந்தி வாடை.

“என்னம்மா பண்ணின?”

“இனிமே குடிக்கறதில்லன்னு காலைலதான் கோயில்ல கயிறு கட்டிக்கினாரு சார். கயிறோட குடிச்சா ஆத்தா கண்ணப் புடுங்கிடுமாம்.” அவள் குரல் இறங்கியது. “அவரு கண்ணுக்காகத்தான் சார் கொட்டினேன்.”

நான்கு மணிக்கு அவன் மூச்சு நின்றது. சாலம்மாளை நான் திட்டவில்லை. தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம், காலில் வெட்டுக்காயத்தோடு வந்த செல்லியம்மாளைப் பாவாடை கிடந்த அதே கட்டிலில் படுக்க வைத்தேன். வார்டில் வேறு நோயாளி இல்லை. கை கழுவிவிட்டு வந்தேன்.

கட்டில் விளிம்பில் போர்வை மெல்ல அமுங்கியது.

யாரோ உட்கார்ந்தது போல.

கண்ணை மூடிப் படுத்திருந்த செல்லியம்மாள் முணுமுணுத்தாள்.

“டாக்டரே, காயம் கால்லங்க. இன்னாத்துக்கு எங் கண்ணத் தடவிக்கினு இருக்கீங்க?”

நான் வாசலில் நின்றிருந்தேன்.