சுழலாத விசிறி

காசிமேட்டில் காலை ஏலம் முடிந்து, ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ஒன்றாகி ஓடிக்கொண்டிருந்த நேரம். எல்லோரும் தரையைப் பார்த்து நடக்கும் அந்த இடத்தில் ஒருவன் மட்டும் வானத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்தான்... வந்து, ஒரு பெண்ணின் காலை மிதித்தான்.

"இன்னா சார்... மேல ரோடு போட்டுகிறாங்களா?"

திரும்பினான். மழை வருமா வராதா என்று வானமே முடிவெடுக்காத காலை. அந்த மங்கலிலும் இரண்டு கண்கள் பளிச்சென்று தெரிந்தன. கோபமா, சிரிப்பா... பிரித்துச் சொல்ல முடியாத கண்கள்.

எது எந்த விமானம் என்று பிரித்துச் சொல்வதுதான் பீம்ராவின் பெருமையே. வியாசர்பாடிக்காரன். விம்கோ நகர் மெட்ரோ பணிமனையில் நல்ல வேலை. ஆனால் யாரிடமும் அதைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ள மாட்டான்.

"சாரி மேடம். நான் ஏவியேஷன் போட்டோகிராஃபர்." அவன் காக்கிச் சட்டையில் பத்துப் பைகள் இருந்தன. ஒன்றில் மட்டும் கைக்குட்டை இருந்தது. "இப்ப ஒரு டகோட்டா வரும். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமானம், இன்னும் பறக்குது. பீச்ல நடக்கப்போற ஏர் ஷோவுக்கு ஒத்திகை. சத்தத்தை வெச்சே நான் எந்த விமானம்னு சொல்லிடுவேன்."

"பேப்பர்லயே போட்டிருந்தான் சார். அத்த பாத்துட்டுதான் நானும் வந்தேன்."

அவள் பெயர் சாண்ட்ரா. ராயபுரத்துப் பெண், ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். தோளில் அண்ணன் சாவியோவின் பழைய கேமரா. பீம்ராவ் அதை ஒரு மாதிரி பார்த்தான்.

"இதுல விமானம் எடுக்கறது கஷ்டம். கை கல்லு மாதிரி நிக்கணும். எனக்கு நிக்கும்."

"நல்லது சார். எனக்குக் கால்தான் நிக்க மாட்டேங்குது. நசுக்கிட்டீங்க."

தூறல் விழுந்தது. ஐஸ் வண்டியின் தார்ப்பாய்க்குக் கீழே இருவரும் ஒதுங்கினார்கள். தோளுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு நெத்திலி நுழையும் இடைவெளி. மல்லிகை வாசம் வீசியதாக எழுத ஆசைதான்... காசிமேட்டில் அது நடக்காது. வீசியதும் நெத்திலிதான். ஆனாலும் அவனுக்கு ஏனோ தலை கிறுகிறுத்தது.

மழைத்துளி ஒன்று அவள் இமையில் வந்து உட்கார்ந்தது. அதைத் துடைக்காமலே அவள் வானத்தைப் பார்த்தாள். இது என்ன வகை, எந்த வருஷம், எந்த எஞ்சின்... பீம்ராவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

வடக்கே, எண்ணூர்ப் பக்கம் ஒரு உறுமல்.

"தோ... தோ வந்துகினு கீது பாரு!" என்று கத்தினான். ஏவியேஷன் போட்டோகிராஃபர் அந்த நொடியில் காணாமல் போய், வியாசர்பாடிப் பையன் குதித்து நின்றான். அவள் சிரித்துவிட்டாள். அவன் விரல் கேமராவின் சக்கரத்தை அவசரமாகத் திருகியது. டகோட்டா தாழ்வாக, நிதானமாக, இறக்கைகளில் இருந்த இரண்டு விசிறிகளும் சுழல, படகுக் கொடிகளுக்கு மேலே கடந்து போனது. இருவரும் படபடவென்று அழுத்தினார்கள்.

"எங்க குரூப்புல சேருங்க," என்றான் பெருந்தன்மையோடு. "நீங்க எடுத்ததுல என்ன தப்புன்னு சொல்றேன்."

'பழைய இறக்கைகள்' என்ற அந்தக் குழுவில் பதினான்கு பேர். அதில் பதின்மூன்று பேருக்குப் பதவி உண்டு. பீம்ராவ் துணைத் தலைவர். இன்னும் பறக்கும் பழைய விமானங்களைப் படம் பிடித்து, அடையாளம் சொல்லி, ஆண்டுதோறும் காலண்டர் போடுவார்கள். அதற்கு விதி இரண்டு. உடலில் எழுதிய எண் தெரிய வேண்டும். விசிறி சுழல்வது தெரிய வேண்டும். இரண்டாவது விதிக்குக் காரணம் தலைவர் செங்குட்டுவன்தான். பூங்காவில் தூண்மேல் நிறுத்திவைத்த விமானத்தைத் தூண் படத்தில் தெரியாமல் எடுத்து, 'அரிய பறத்தல்' என்று ஒரு வருஷக் காலண்டரின் அட்டையில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்த விதி.

இந்த வருஷ அட்டை டகோட்டாவுக்கு. அது தன் படம்தான் என்று பீம்ராவ் அம்மா ராஜாத்தியிடமும், பணிமனை முழுக்கவும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான்.

படத்தைக் குழுவில் போட்டான். மாலையில் தலைவரின் குரல் பதிவு வந்தது. "பீம்ராவு, நம்பர் கண்ணாடி மாதிரி கீது. ஆனா நைனா... ஃபேன் ரெண்டும் நிக்குதே. கயிறு கட்டித் தொங்கவுட்டாப்புல கீது. நம்ம பூங்கா விமானமே தேவல."

ஜெட்டுக்கு வைக்கும் ஷட்டர் வேகத்தை விசிறி விமானத்துக்கு வைத்தால், சுழலும் விசிறி படத்தில் உறைந்துபோகும். சேர்ந்த வாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு. துணைத் தலைவர்கள் செய்வதில்லை.

அடுத்து, அன்றே குழுவில் சேர்ந்த சாண்ட்ராவின் படம். விசிறிகள் இரண்டு வெள்ளி வட்டங்களாகச் சுழன்றன. உடல் மட்டும் கலங்கி, எண் கரைந்திருந்தது. பதின்மூன்று பதவிகளும் வாயைப் பிளந்தன. 'இவ்வளவு குறைஞ்ச ஷட்டர் வேகம் வைக்கத் தனித் துணிச்சல் வேணும்' என்றார் செயலாளர். சாண்ட்ரா ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா... என்னோடு சிரிக்கிறாளா? பீம்ராவ் அந்தப் பொம்மையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

கடைசியில் தலைவரே தீர்ப்புச் சொன்னார். ஒன்றில் எண் தெரிகிறது, மற்றதில் விசிறி சுழல்கிறது; ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டை போடலாம். யார் பெயர் முதலில் என்று இரண்டு பேரும் பேசிச் சொல்லட்டும்.

கூட்டாளியாகப் போவதா? அதுவும் கால் மிதிபட்டவளோடு? மாட்டேன் என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தான். ஞாயிறு பூசை முடிந்து ராயபுரம் டீக்கடைக்கு வருவதாக அவள் எழுதினாள். அவன் அவளுக்கு முன்பே போய் நின்றான். பழைய காக்கிச் சட்டை இல்லை, வெறும் நீலச் சட்டை. மழை இந்த முறை தயங்காமல் பெய்தது.

"முதல்ல என் பேருதான்," என்று ஆரம்பித்தான். "நான் துணைத் தலைவர்..."

"சரி."

சண்டைக்குத் தயாராக வந்தவன் குழம்பிப்போனான். "சரியா?"

"உங்க பேரே வெச்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ்ளோ தெரிஞ்சவரு, எதுக்கு ஸ்பீட ஏத்துனீங்க? ஜெட்டுன்னு நெனச்சுகினீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். துணைத் தலைவர் பதவிதான் போகும். உண்மையைச் சொன்னால்... என்னென்ன போகும் என்றே தெரியவில்லை. டீயைக் குடித்தான். சுட்டது.

"கை ஆடிச்சு. படம் கலங்கிடக் கூடாதுன்னு ஏத்திட்டேன்."

"கல்லு மாதிரி நிக்கும்னீங்களே."

"நிக்கும்... நீங்க பக்கத்துல வந்து நின்னீங்க."

சாண்ட்ரா கிளாஸின் விளிம்பை விரலால் சுற்றினாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். துணிச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதுக்கு மொத நாள் சாயங்காலம் கோயில்ல மாதா தேர எடுத்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு வெச்ச ஸ்பீடு. மாத்தவே இல்ல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. மாத்தலாம்னுதான் இருந்தேன்." அந்தக் கண்கள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மழைக்குத் தாவின. "தோ வந்துகினு கீதுன்னு கத்துனீங்க பாரு... உங்களையே பாத்துகினு இருந்துட்டேன். படத்துல பாதி கலங்கல் நான் சிரிச்ச ஆட்டம்."

மேசைமேல் அவன் போனில் தலைவர் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். அட்டை அச்சுக்குப் போக வேண்டுமாம். எடுக்கக் கை நீட்டினான்... கிளாஸில் இடித்து டீ சிந்தியது.

"எங்க, கையக் காட்டுங்க."

காட்டினான். அவள் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நிக்குதா?"

"இல்ல சாண்ட்ரா," என்றான் பீம்ராவ். "இப்பதான் ரொம்ப ஆடுது."

அவள் கையை எடுக்கவில்லை.