ஜெபம் பண்ணும் டூ-இன்-ஒன்

"ஐயோ... என் பன்னி...!"

மாலை ஜெபம் முடிந்த மறுநொடி, போதகர் மனைவியின் அலறலில் சமோவாவின் அந்தக் கடலோர ஊர் கிடுகிடுத்தது.

சங்கு ஊதும்போது பட்டியில் நின்ற பன்றி, ஜெபம் முடிந்தபோது இல்லை.

சங்கு ஊதிவிட்டால் ஜெபம் முடியும்வரை எவனும் வீட்டை விட்டு நகரக் கூடாது. எல்லா வீட்டிலும் ஜெபச் சத்தம் கேட்டது...

லோசாவின் தம்பி மனு தனியாக இருந்த வீட்டைத் தவிர!

மறுநாள் சாயங்காலம் ஊர்த்தலைவர் லெமாலு லோசா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மனு ஊரை விட்டுப் போகணும்."

"சாட்சி?" லோசா மறித்தாள். ஊரின் முதல் பட்டதாரி. அவள் வாய்க்கு மட்டும் ஊரே ஒதுங்கும்.

"உன் படிப்பை என்கிட்ட காட்டாதே. மத்த எல்லார் குரலும் கேட்டுச்சு. மூப்பர் ஃபெலெட்டி, மசினா கிழவி கால் புண் ஆறணும்னு எப்படி அழுதார் தெரியுமா?"

"மசினாவுக்கா?"

"ஆமா."

"அவங்களைப் புதைச்சு ஒரு வாரமாச்சே ஐயா. முதல் பிடி மண்ணு நீங்கதான் போட்டீங்க."

லெமாலு விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தார்.

பூ...ம்...!

சங்கு. தலைவர் கூட இருந்தால் தடையில்லை. லோசா ஃபெலெட்டி வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்து, ஓலைத் தட்டியைத் தூக்கினாள்.

உள்ளே மூப்பரின் குரல், கண்ணீரும் கம்பலையுமாக.

மூப்பர் இல்லை.

பாயின் மேல் ஒரு டூ-இன்-ஒன். உள்ளே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

"திருட்டுப் பய... இவன்தான்." பல்லைக் கடித்தார் தலைவர்.

"இருங்க ஐயா. பக்கத்து வீட்ல யாரோ கணீர்னு ஜெபம் பண்றாங்க. அது உங்க வீடுதானே?"

"ஆ... ஆமா."

"உங்க குரல் மாதிரியே இருக்கு."

லெமாலு இருமினார்.

பொசுக்!

கரண்ட் போனது.

ஊர் முழுக்க ஜெபம் ஒரே நொடியில் நின்றது. போதகர் வீட்டிலும்.

லோசாவுக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது. "இத்தனை ஃப்ராடுங்களை விட்டுட்டு என் தம்பியை..."

"ஷ்ஷ்..." தலைவர் கையமர்த்தினார்.

இருட்டில் ஒரே ஒரு குரல் மட்டும் நிற்காமல் கேட்டது. லோசாவின் வீட்டிலிருந்து. மனு!

"பாத்தீங்களா? இந்த ஊர்ல நிஜமா ஜெபம் பண்றவன் அவன் ஒருத்தன்தான்."

"ஆண்டவரே..." மனு விம்மினான். "போதகரம்மா பன்னியைத் தின்னதுக்கு என்னை மன்னிச்சுடும். அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்..."

தலைவர் மெல்லத் திரும்பி லோசாவைப் பார்த்தார்.

லோசா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அதுவும் கேசட்தான் ஐயா."

"கரண்ட்டே இல்லையேம்மா?"

"பேட்டரி."