நாற்பத்திரண்டாவது ஃபோல்டர்

மனைவி சொன்னபடி நாற்பத்தொரு ஃபோல்டர்தான் இருக்க வேண்டும். திரையில் நாற்பத்திரண்டு இருந்தது.

போனது கிடைத்தால் போதும் என்று காலையிலிருந்து தவம் கிடந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கூடுதலாக ஒன்று கிடைத்ததில் சந்தோஷம் வரவில்லை. ஏனோ நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டது அவரேதான். மனைவியின் லேப்டாப்பில், இருக்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் போட்டால் பறக்கும் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் ஏற்றிவிட, ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்காமல்கூட உட்கார்ந்தார். 'பக்கத்தில் போடு' என்பதற்குப் பதிலாக அதற்கு அடுத்த 'அழித்துவிட்டுப் போடு' வரியை அமுக்கினார். அவ்வளவுதான். அவள் வேலை மொத்தமும் இருந்த டிஸ்க் பகுதியையே, அந்தப் பார்ட்டிஷனையே காணோம்.

அவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதம் வந்து வாய் குழறியவர்கள், திக்குகிற பிள்ளைகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒரு ஃபோல்டர், வாராவாரம் பதிவு செய்த குரல். அதையெல்லாம் நாளைக்கு ஆஸ்பத்திரியில் போட்டுக் காட்டினால்தான் அவர்களுக்குப் பயிற்சி தொடரும்.

"முடிஞ்சுதாங்க?" என்று மதியம் தங்கச்சி வீட்டிலிருந்து போனில் கேட்டாள்.

"ஜம்முனு ஓடுது."

"அப்ப அஞ்சு மணிக்கு வந்து எங்களைக் கூட்டிட்டுப் போங்க. தங்கச்சி வேலைக்குக் கிளம்பிட்டா. பாப்பா இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு நிக்குது."

பென்டிரைவிலிருந்து ஓடிய ரெக்கவரி சாஃப்ட்வேர் மணிக்கணக்காக டிஸ்க்கைத் துழாவிக்கொண்டே இருந்தது. வெளியே விட்டு விட்டுப் பெய்த மழை ஜன்னலில் வழிய, காயாத துணியின் வாடையும் லேப்டாப்பின் சூடான பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து அறையில் குமைய, உள்ளே டிஸ்க் கிர்ரென்று சுற்றி, டிக்கென்று நின்று, எதையோ யோசிப்பதுபோல் சும்மா இருந்து, மறுபடி சுற்றியது. அவரும் எழுந்தார், உட்கார்ந்தார், காலை ஆட்டினார், தண்ணீர் குடித்தார், மறுபடி எழுந்தார். நாலு மணிக்குப் பட்டியல் வந்தது. ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை.

கடைசி ஃபோல்டரைத் திறந்தார். பதினெட்டுப் பதிவுகள்.

முதலாவதில் மனைவியின் குரல். "மெதுவா. அவசரமே இல்ல. மூச்சை மட்டும் விடுங்க." அதற்குப் பதிலாக, ஈரச் சாக்கைத் தரையில் இழுத்தாற்போல ஒரு சத்தம்.

"நல்லா இருக்கு. இன்னொரு தடவை."

பாவம், யாரோ கடுமையான பக்கவாதம் வந்தவர் என்று நினைத்துக்கொண்டார். நாலாவதில் அந்தச் சத்தம் எழுத்தாகியிருந்தது. ஆறாவதில் சொல்லானது. தண்ணி. சாவி. கதவு. பின்னணியில் விடாமல் ஏதோ கிறீச்சிட்டது, எங்கேயோ கேட்ட சத்தம்தான். ஒலியைக் கூட்டினார். எண்ணெய் விடவேண்டும் என்று மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுவரும், அவர் படுக்கையறை ஃபேன்.

ஃபேனுக்குக் கீழே இன்னொரு சத்தம். சீராக ஏறி இறங்கியது.

குறட்டை. அவருடைய குறட்டை.

தேதிகளைப் பார்த்தார். எல்லாம் இந்த மாதம். எல்லாம் நடுச்சாமம். அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்க, அதே அறையில், மனைவி யாருக்கோ பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவள் குரலும் அவள் குரலாக இல்லை. தூக்கத்தில் பேசுகிறவளின் குரல்.

பத்தாவது பதிவு. அந்தக் குரல் பேசுமுன் லேசாகத் தொண்டையைச் செருமியது. அவர் செருமுகிற மாதிரியே.

பதினான்கு. "தங்கக்கட்டி." மகளை அவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்.

நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை.

பதினெட்டு. நேற்றைய தேதி. செருமல். பிறகு, பிசிறு தட்டாத அவருடைய குரல்.

"வந்துட்டேன். கதவைத் திற."

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றாள் மனைவி. "இனிமே சொல்லிக்குடுக்க எங்கிட்ட எதுவும் இல்ல."

மனைவிக்கு போன் போட்டார். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"உங்கிட்ட நாப்பத்திரண்டாவதா வர்றது யாரு?"

"நாப்பத்தொண்ணு பேருதாங்க இருக்காங்க. என்ன உளர்றீங்க? லேப்டாப்பை ஏதாச்சும் பண்ணிட்டீங்களா?"

"ராத்திரி நீ யார்கிட்ட..."

"இருங்க, பெல் அடிக்குது."

அவள் காலடி. மழைச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"வந்துட்டேன். கதவைத் திற."

அவள் சிரித்தாள். "போன்ல பேசிக்கிட்டே வாசல்ல வந்து நிக்கிறீங்களா! ஆளைப் பாரு!"

"திறக்காத! அது நான் இல்ல! ஏய், திறக்காத!"

போன் அதற்குள் அவள் கைப்பைக்குள் போயிருந்தது. துணியில் உரசுகிற சத்தம் மட்டும். தாழ்ப்பாள் விலகியது. மகள் "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

இவர் படியிறங்கி ஓடினார். வெறுங்கால். தெருவெல்லாம் தண்ணீர். ஒரு ஆட்டோவும் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓடினார், கத்தினார், மறுபடி ஓடினார்.

"கிளம்பலாமா, தங்கக்கட்டி?"

"நம்ம வீட்டுக்காப்பா?"

"இல்லடா. வேற வீட்டுக்கு."

"வா பாப்பா," என்றாள் மனைவி, தூக்கத்தில் பேசுகிற அந்தக் குரலில். கதவு சாத்தப்பட்டது. மழையில் மூவரும் நடந்தார்கள். போனில் அவளுடைய செருப்புச் சத்தம். சின்னச் செருப்பு. மூன்றாவது காலடி மட்டும் கேட்கவே இல்லை.

பாதிச் சாலையில் மூச்சு வாங்கி நின்றார்.

"அப்பா, கையைக் குடுங்க." இப்போதுதான் எண்ணக் கற்றுக்கொண்ட குழந்தை, பிடித்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ராகமாக எண்ண ஆரம்பித்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு..."

"ம்," என்றது அவர் குரல், பிரியமாக. "இன்னும் இருக்கே."

"ஆறு... ஏழு... எட்டு..."