பித்தளை முனை தொட்ட இடம்

பெருங்களத்தூர் ஏரிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் மெக்கானிக் ஜோஸ்வினின் ஷெட். வெற்றிவேல் காரை உள்ளே விட்டபோது மழைக்கு முந்தைய புழுக்கம். சாயங்காலம்கூட ஆகவில்லை, அதற்குள் வெளிச்சம் செத்துவிட்டது.

சிவகுமார் முன்னாடியே வந்து காத்திருந்தார். இறந்துபோன வினிதாவின் அண்ணன், முடிச்சூர்க்காரர். தங்கை புருஷனின் முகத்தைப் பார்க்காமல் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எல்லா வேலையும் என் கண்ணு முன்னாடிதான் நடக்கணும், மாப்ள. அப்பால கதை வுடக் கூடாது."

"சரி மச்சான்."

வெற்றிவேலுக்குக் கோபம் வரவில்லை. அவள் போன பிறகு எதுவுமே வரவில்லை.

அவள் போன அன்று கொட்டும் மழை. வினிதாவுக்கு ஜுரம் நூற்றி நாலு. பின்சீட்டில் படுக்கவைத்துக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். இடப்பக்கக் கதவோரம் தலை, வலப்பக்கம் மடக்கிய கால். இரும்புலியூரைத் தாண்டும்போது டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நிறுத்தினான். பானெட்டைத் திறந்தான். முள் இறங்கட்டும் என்று நனைந்தபடி நின்றான். கைகாட்டிய வண்டி ஒன்றும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பின்சீட்டில் முனகல் அடங்கிவிட்டது.

மறுநாள் பார்த்தால் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

அங்கேதான் சிவகுமாருக்குச் சந்தேகம் விழுந்தது. சூடே ஏறாத வண்டியை எதற்காக நடுவழியில் நிறுத்தினான்? கருமாதி முடிந்த கையோடு குழந்தை ஸ்ம்ருதியை முடிச்சூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முள் ஏறியது நிஜம்தான் என்று நிரூபித்தால் பிள்ளை திரும்பி வரும். இல்லாவிட்டால் இல்லை.

பழைய முள்ளோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஜோஸ்வின் புது ஹீட் மீட்டரைப் பிரித்தான். கறுப்பு வட்டம், அதிலிருந்து பாம்புக்குட்டி போலச் சுருண்ட மெல்லிய செம்புக் குழாய், குழாயின் நுனியில் விரல் நீளப் பித்தளை முனை.

"வயர்ல ஓட்ற மீட்டரு பொய் சொல்லும் சார். இதுக்குக் கரண்டே வேணாம். இந்த முனை எதத் தொட்டுகினு கீதோ, அதோட சூட்டக் காட்டும். அவ்ளோதான். லாரிக்குப் போடற பீஸு, கொழாய் நீளம். வெட்டவும் கூடாது, மடிக்கவும் கூடாது."

எண்கள் ஃபாரன்ஹீட்டில் இருந்தன. நூறில் தொடங்கின. முள் அதற்கும் கீழே, ஒரு சின்ன ஆணியில் சாய்ந்து கிடந்தது.

"இன்ஜின்ல வால்வு கீதா?" சிவகுமார் கேட்டார்.

"தண்ணி சூடாவற வரைக்கும் தடுக்குமே, அந்த வால்வா? போன வருசமே கழட்டிக் கடாசிட்டேன். நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு? இந்த வண்டி நூத்தறுபதத் தாண்டாது சார். ஹீட்டாவ சான்ஸே இல்ல."

சிவகுமார் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்க, மாப்ள."

ஸ்டியரிங்குக்குக் கீழே மீட்டரைத் திருகி முடித்துவிட்டு, ஜோஸ்வின் இன்ஜின் பக்கம் போய்த் தலையைச் சொறிந்தான். முனையின் மரை இன்ஜினில் உட்காரவில்லை. நடுவில் ஒரு பித்தளைத் துண்டு கடைந்து போட வேண்டும்.

"ஒரு மணி நேரத்துல தாம்பரம் லேத்துக்குப் போய்ட்டு வந்துர்றேன். கொழாய மட்டும் மடிச்சிராதீங்க."

மடியாமல் இருக்கட்டும் என்று குழாயை முன்சீட்டின் மேல் நீளமாக விட்டு, முனையைப் பின்சீட்டில் இடதுபக்கம் கிடத்திவிட்டுப் போனான்.

மழை தகரத்தில் விழத் தொடங்கியது.

இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சாவி சிவகுமாரின் சட்டைப்பையில் இருந்தது. பேட்டரி வயரையும் ஜோஸ்வின் கழற்றிப் போட்டிருந்தான்.

முதலில் வாசனைதான் வந்தது. நீலகிரித் தைலம். ஈரத்துணி.

பிறகு முள் ஆணியை விட்டு எழுந்தது.

"இன்னாடா செட்டிங் இது?" சிவகுமாரின் குரல் தாழ்ந்தது. "மெக்கானிக்கும் நீயும் சேந்துகினு எனக்கு வித்த காட்றீங்களா?"

"நான் எதையும் தொடல மச்சான்."

முள் நூறைத் தொட்டது. அதைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

சிவகுமார் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். முனையை எடுத்து, கதவோரம் இருந்த வாளித் தண்ணீரில் முக்கினார். முள் விழுந்தது. துடைத்து முன்சீட்டில் வைத்தார். அசையவில்லை. பின்சீட்டின் நடுவில் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

இடதுபக்கம் வைத்தார்.

ஏறியது. அதே இடம். நூற்றி நாலு.

அவர் உள்ளங்கையைச் சீட்டுக்குக் கொண்டுபோனார். சீட்டைத் தொடுவதற்கு முன்பே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வினி..." என்றார் மெதுவாக.

ஜுரத்தில் படுத்திருப்பவர் புரண்டு படுத்தால் வருமே, அந்த மாதிரி சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

ஜோஸ்வின் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். "இன்னா சார், ரெண்டு பேரும் பேயறஞ்ச மாரி நிக்கறீங்க? நான் சொன்ன டைம்க்கு வந்ததுக்கா?" என்று சிரித்தான். முனையை முன்பக்கம் இழுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஓட்டை வழியாகச் செலுத்தி, இன்ஜினில் முறுக்கிப் பேட்டரியை மாட்டினான்.

சிவகுமார் சாவியை நீட்டினார். "எடு. அன்னிக்குப் போன ரோட்லயே போ."

உள் கண்ணாடியை அவரே கூரைப் பக்கம் திருப்பிவிட்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் மழைத் திரை. வைப்பரின் சத்தம். புது மீட்டர் மெல்ல ஏறி நூற்றறுபதில் நின்றது.

இரும்புலியூர் தாண்டியது.

டேஷ்போர்டு முள் துள்ளி எழுந்து சிவப்பில் ஒட்டிக்கொண்டது.

புது மீட்டர் நூற்றறுபதிலேயே நின்றது.

சிவகுமார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கும் இப்டித்தான் போச்சா?"

"ஆமா மச்சான்."

அவர் வெற்றிவேலின் முகத்தைப் பார்த்தார். "பாப்பாவ நாளைக்கு வந்து கூட்டினு போ. உம் புள்ளதான். ஆனா இந்த வண்டில வேணாம்."

வெற்றிவேல் தலையசைத்தான். கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத!" சிவகுமார் அவன் தொடையை இறுக்கிப் பிடித்தார். "இந்தத் தபா நிறுத்தாத. போய்க்கினே இரு."

பின்னால் யாரோ வேகவேகமாக மூச்சு வாங்கினார்கள்.

தாம்பரம். சானடோரியம். வெற்றிவேல் எந்த முள்ளையும் பார்க்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஏறி நின்றதும் ஹாரன் சத்தம் கேட்டு ஓர் ஊழியர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

இடதுபக்கப் பின்கதவைத் திறந்தார். உள்ளே குனிந்தார்.

பேஷண்ட் எங்கே என்று கேட்பார். என்ன பதில் சொல்வது என்று வெற்றிவேல் யோசித்தான்.

அவர் அப்படிக் கேட்கவில்லை.

"தலைய நான் பிடிச்சிக்கறேன் சார். அந்தப் பக்கமா வந்து கால ஒருத்தர் தூக்குங்க. சீக்கிரம்."

சிவகுமார் இருந்த இடத்திலேயே உறைந்திருந்தார். வெற்றிவேல் இறங்கி, தனக்குப் பின்னாலிருந்த வலப்பக்கக் கதவைத் திறந்தான். சீட் காலியாக இருந்தது. இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினான்.

கைகளில் கனம் இறங்கியது.