கழுவிய நோட்டு

எது முதலில் நடந்தது என்பதில் மாணிக்கவேலுக்கு இப்போது நிச்சயம் இல்லை. கைபேசி அவர் விரலை அடையாளம் காணாமல் போனதா, அல்லது அதற்கு முன்பே மனைவி சுகாசினி ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பி வந்தாளா? யோசிக்க யோசிக்க இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. நோட்டைக் கழுவியது இரண்டுக்கும் முன்னால். அது மட்டும் மாறுவதில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மதிலைப் பார்த்தாற்போல ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவருக்கு, எப்போதோ மூடிப்போன சிற்றூர் பேங்குகள் அச்சடித்த நோட்டுகளைச் சேர்ப்பதில்தான் உயிர். நீலாம்பாள் பேங்க் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாரே தவிர பார்த்ததில்லை. யுத்த காலத்தில் சில்லறை கிடைக்காமல் ஊர் திண்டாடியபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் தன் தாயார் பெயரில் நடத்திய பேங்க் வெளியிட்ட ஒரு ரூபாய் நோட்டு அது. வாங்குகிறவர் பின்பக்கத்தில் கட்டைவிரலை உருட்ட வேண்டும். ரேகை இல்லாத நோட்டு செல்லாது என்று முன்பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. ஏனாத்தூரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் முனிரத்தினம் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது, பின்பக்கம் முழுக்க ஊதா மசி ஈஷிக் கிடந்தது.

நோட்டு சேர்ப்பவர்கள், நாலு பேர் எதிரில் திட்டுகிற, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை ஒன்று உண்டு. அழுக்கு நோட்டைக் கழுவி, அழுத்திக் காயவைத்துப் புதுசாக்குவது. சென்னைக் கண்காட்சியில் அந்த நோட்டைப் பார்த்து மற்றவர்கள் வாயடைத்து நிற்பதை மாணிக்கவேல் மனதுக்குள் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம் சுவர் வழியாகச் சீராகக் கேட்டுக்கொண்டிருக்க, பீங்கான் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி நோட்டை மிதக்கவிட்டார். ஈரத் தலையணையின் வாடை போல ஒன்று எழுந்தது. மசி கரையவில்லை. வளையம் வளையமாக, ரேகை ரேகையாகவே தாளிலிருந்து கழன்று தண்ணீரில் கொஞ்ச நேரம் சுற்றி, தட்டின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து எங்கே போயிற்று என்று தெரியாமல் மறைந்தது.

சாயங்காலம் நோட்டு மொடமொடவென்று இருந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட்டு, "பின்னாடி தடவிப் பாருங்க" என்றார்.

கல்லூரியில் படிக்கும் ஜெயப்ரியா கட்டைவிரலால் தடவினாள். "சில்லுன்னு இருக்குது நைனா."

"உன் கல்யாணப் பத்திரிகைய இந்த மாதிரிப் பேப்பர்லதான் அடிக்கணும்னுவாரு பாரு" என்று, அவளுக்கு முன்பே தடவிப் பார்த்துவிட்ட சுகாசினி சிரித்தாள்.

மறுநாள் அவர் கைபேசி திறக்கவில்லை. ரேஷன் கடை மிஷின் சுகாசினியை ஏற்கவில்லை.

"பாத்திரம் தேய்க்கச் சொன்னா ரேகையத் தேச்சிக்கினு வந்திருக்கியேம்மான்றான் அந்தக் கடைக்காரன். எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள்.

ஜெயப்ரியா பையைக் கட்டிலில் எறிந்தாள். "எனக்கும்தான். காலேஜ் அட்டெண்டன்ஸ் மிஷின்ல விரல் விழல. கிளாஸ்ல உக்காந்துக்கினே நான் ஆப்சென்ட்டு."

நோட்டு பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து மகளின் கட்டைவிரல் மேல் வைத்தார். உருகி ஆறிய மெழுகு போல இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினார். அங்கேயும் கோடுகள் நரைத்துக்கொண்டிருந்தன. ஜெயப்ரியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை.

விடிந்ததும் ஏனாத்தூருக்குப் போனார்.

"ரேகை போச்சா? உனக்கென்னபா கவலை, பூட்ட உடைச்சாலும் போலீஸ் புடிக்க முடியாது. வா, கூட்டு சேர்ந்துக்கலாம்" என்று முனிரத்தினம் கட்டுகளுக்கு நடுவிலிருந்து சிரித்தான்.

"அந்த நோட்டை வித்தவரு யாரு?"

"தெரியலபா. இடிக்கிற வீட்ல ஒரு ரூம்ல தனியா உக்காந்துக்கினு இருந்தாரு. அந்த வெயில்ல தலையோட துண்டப் போத்திக்கினு. விலை கேட்டா பேசல. துண்டுக்குள்ள தலைய மட்டும் ஆட்டுனாரு." முனிரத்தினத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "கிட்டப் போனேன். துண்டு மூஞ்சில ஒட்டிக்கினு இருந்துச்சு. மூக்கு மேடு தெரியல."

மாணிக்கவேல் வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் சுகாசினி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "பொண்ணு மூஞ்சி என்னமா மின்னுது பாருங்க" என்றாள். ஜெயப்ரியாவின் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பைக் காணோம். மேலுதட்டுக்கு நடுவே இருந்த பள்ளம் நிரம்பிவிட்டது. புருவம், அழிரப்பர் தேய்த்த பென்சில் கோடாக இருந்தது.

நோட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். வெள்ளையில் ஊதா வளையங்கள் எழும்பியிருந்தன. மூன்று விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் இருந்த இரண்டும் மங்கல். மேலே இருந்தது மகளின் சின்னக் கட்டைவிரல், கூராக, ஈரமாக.

கடையிலிருந்து ஸ்டாம்பு பேடைக் கொண்டுவந்து, அவள் ரேகையின் மேல் தன் கட்டைவிரலை அமுக்கி அமுக்கி வைத்தார். என்னை எடுத்துக்கோ. என்னை. கோடே இல்லாத ஊதா வட்டங்கள் விழுந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை வற்றின. சின்ன விரல் அப்படியே இருந்தது.

தண்ணீர் எடுத்ததைத் தண்ணீர்தான் கொடுக்கும் என்று தோன்றியது. அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

நட்ட நடுப் பகல். அதே தட்டு. நோட்டை மூழ்கவிட்டு, ஜெயப்ரியாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து அமுக்கினார். சுகாசினி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சுடுதாம்மா?"

"இல்ல நைனா." கொஞ்சம் பொறுத்து, "யாரோ புடிச்சிக்கினு இருக்காங்க."

"நான்தாம்மா."

"நீ மேல புடிச்சிருக்க. இது அடியில."

தட்டின் ஆழம் நாலு விரற்கடை.

இழுத்தார். வரவில்லை. சுகாசினியும் இழுத்தாள். தண்ணீர் ஊதாவாகியது. அந்த வாடை எழுந்தது. ஈரத் தலையணை. ஈர முடி. ஊதாக் கோடுகள் அவள் கையிலிருந்து நூலாகக் கழன்றன. மணிக்கட்டிலிருந்து. கழுத்திலிருந்து. எல்லாம் கீழே. தாளுக்குள்.

கை வந்துவிட்டது. சுலபமாக.

நகங்கள் இல்லை.

"நைனா."

குரல் அவளுடையதுதான். எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தார். சுகாசினி தோளை விட்டாள்.

சுகாசினி திருப்புட்குழியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளுக்குக் கை மட்டும்தான் வழுவழுப்பாகிவிட்டது. மகளைப் பற்றி யாராவது கேட்டால், வெளியூரில் வேலை என்கிறாள். முனிரத்தினம் கடையைச் சாத்திவிட்டு எங்கோ போய்விட்டான். ஜெராக்ஸ் கடையில் இப்போது வேறொருவர் பழரசம் விற்கிறார். ஜெயப்ரியா நடு அறையில் இருக்கிறாள். சாப்பாடு கேட்பதில்லை. காலடிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் திரும்புகிறாள்.

மாணிக்கவேல் தினமும் காலையில் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். தாளின் நாருக்குள்ளே ஜெயப்ரியாவின் முகம் இருக்கிறது, தழும்போடு, புருவத்தோடு. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மூச்சு முட்டுமோ என்று அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போடுவதில்லை.