அண்ணி சொன்ன பதில்

பால் பொங்குகிற நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. வழக்கம்போல் கரண்டியைப் போட்டது போட்டபடி ஓடினாள் அவள். பதினோரு வருஷத்து ஓட்டம் அது! லேத் பட்டறை இரைச்சல் கணவரின் காதைத் தின்றதிலிருந்து, வீட்டுக்கு வரும் போனையெல்லாம் அவள்தான் எடுப்பாள். பழைய காது மெஷினில் போனை ஒட்டிவைத்தால் ‘கீ...’ என்று கத்தும், பேச்சு ஒன்றும் கேட்காது. அங்கே சொல்வதை இவரிடம் கத்துவாள், இவர் சொல்வதைப் போனில் சொல்வாள். தொண்டை போனதுதான் மிச்சம். தெருவில் அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். புருஷனை வாய் திறக்கவிடாத ராட்சசி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதும் தெரியும். போகட்டும், யார் வாயை மூட முடியும்?

“நீ அடுப்பைப் பாரு. நானே பேசுறேன்” என்றார் அவர்.

நேற்றுதான் புது மெஷின் மாட்டியிருந்தார்கள். ஒயரே கிடையாது. போனில் பேசுகிறவரின் குரல் நேராக இரண்டு காதுக்குள்ளும் வந்துவிடும். பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“யாருங்க?” என்றாள் அவள் அடுப்படியிலிருந்து.

“தங்கச்சி!” அவர் முகம் குழந்தை முகமாக மலர்ந்தது. “அட, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்குதும்மா!”

 அவள் பாலை அவசரமாக இறக்கிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாத்தனார் அழுதுகொண்டே போன் பண்ணினாள். ‘இந்த ஆளோட இனி வாழ முடியாது அண்ணி. அங்க வந்துடட்டுமான்னு அண்ணனைக் கேளுங்க.’ கேட்டாள். வேலை போன ஆத்திரத்தில் இருந்தார் அவர். “கட்டிக்கொடுத்தாச்சு. செத்தாலும் அங்கேயே கிடக்கச் சொல்லு!” அதை எந்த வாயால் சொல்வது? பிறந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அண்ணனை விட்டால் நாதியில்லை. “எனக்குச் சரிப்படாதும்மா, வராதே” என்று தன் பதிலாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்றவருக்கு அது கேட்கவில்லை.

தனியாக நின்று, தையல் கடையில் வேலை பார்த்துத் தலையெடுத்தாள் நாத்தனார். அண்ணனைப் பார்க்க வருவாள். அண்ணி கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அண்ணன் காதில் விழக் கத்த வேண்டும் என்பதால் அந்தப் பேச்சை எடுத்ததுமில்லை; இன்றுதான் நேராகப் பேச வாய்த்தது.

“என்னது? அண்ணி கதவைச் சாத்தினாளா...? நானா இருந்தா கூட்டிட்டு வந்திருப்பேனா...?” தங்கை சொன்னதையே திரும்பக் கேட்டார் அவர்.

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், கையைக் கூப்பினாள்.  பேசாமலே இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

“இல்லம்மா... அது அவ பதில் இல்ல. செத்தாலும் அங்கேயே கிடன்னு சொன்னவன் நான்தான்... உன் அண்ணன்.”

பிறகு போனைக் கீழே வைத்தார். “வச்சுட்டா.”

“ஏங்க சொன்னீங்க? கட்டிக் காப்பாத்தினேனே... எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!”

“என் பாவத்தை நீ எதுக்குடி சுமந்த?”

“எனக்கு மட்டும் ஆசையா? அலுத்துப்போச்சுங்க! அவ என்னைத் தாண்டிப் போறப்பல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சேன்...” முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுபடியும் போன் அடித்தது. பொத்தானைத் தொட்டவர் அதை அவளிடம் நீட்டினார். “உன்னைத்தான் கேக்குறா.”

காதில் வைத்துப் பார்த்தாள். “ஒண்ணுமே கேக்கலியே!”

“எனக்குத்தான் கேக்குது! காதுக்குள்ள பேசுறா.” மாற்றுவது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. “நீ போன்லயே பேசு, அவளுக்குக் கேக்கும். அவ சொல்றதை நான் சொல்றேன்.”

சொன்னார். “அண்ணின்னு கூப்பிட்டு அழுறா... ‘உங்களைத் திட்டாத நாள் இல்லையே, ஏன் அண்ணி சொல்லல?’ங்கிறா...”

“களைப்பா இருக்கும்மா எனக்கு” என்றாள் அவள் போனில். 

“கிளம்பிட்டேங்கிறா. ‘உங்க மடியில விழுந்து அழணும்’கிறா...” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். “‘உங்களைப் பாக்கத்தான் வர்றேன். அந்த அண்ணன் முகத்துல முழிக்க மாட்டேன்’கிறா.”

ஒரு வார்த்தையைக்கூட அவர் மாற்றவில்லை.

அப்படிச் சொல்லாதேம்மா என்று அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. அவர் வேண்டாமென்று தலையசைத்தார். “சொல்லட்டும் விடு.”

அவளும் விட்டுவிட்டாள்.

“சரி... வாம்மா” என்றாள்.